யோர்டிஸ் வீட்டை ஒழிக்கவில்லை

யோர்டிஸ் அடுத்த குளிர்காலத்தைப் பார்க்க மாட்டாள் என்று டாக்டர் கையை விரித்ததும் தீவு முழுக்க ஒரே பேச்சு: எப்போது வீட்டை ஒழிக்கப் போகிறாள்? அங்கே வயதானவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைத் தாங்களே கொடுத்துக் கழித்துவிட்டுத்தான் கண்ணை மூட வேண்டும். பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டுப் போனால் மானக்கேடு. பக்கத்து வீட்டு கெர்ட்ருட் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போதே எல்லாவற்றையும் கழித்துவிட்டாள். அவள் வீட்டுக்குப் போனால் உட்கார ஒழுங்காக ஒரு நாற்காலி கிடையாது. அதில் பெருமை வேறு.

யோர்டிஸ் காலமெல்லாம் பள்ளிக்கூடச் சமையலறையில் வெந்தவள். ஊர் கேட்ட போதெல்லாம் வாயைத் திறக்காமல் கேக் சுட்டுக் கொடுத்தவள். இதற்கு மட்டும் முடியாது என்றுவிட்டாள்.

ஜூலையில் மகள் மாலின் ஒரு வார லீவில் ஸ்டாக்ஹோமிலிருந்து வந்தாள், கார் நிறைய அட்டைப்பெட்டியோடு. வந்ததும் வராததுமாகப் பீங்கான் அலமாரியைத் திறந்து, இது யாருக்கு, அது யாருக்கு என்று கேட்க ஆரம்பித்தாள். யோர்டிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் முகத்தைப் பார்க்கக் கிடைத்ததே ஒரு வாரம். அதையும் காப்பிக் கோப்பைகளுக்குக் கொடுப்பதா? அலமாரியைப் பூட்டினாள், சாவியோடு படகுத்துறைக்கு நடந்தாள், மாலின் ஓடிவந்து தடுப்பதற்குள் கடலில் எறிந்தாள்.

"உனக்கென்னம்மா பைத்தியமா?"

"நான் போனப்புறம் உடைச்சுத் திறந்துக்கோ. வீடு உனக்காகக் காத்திருக்கும்டீ, நான் இருக்க மாட்டேன். படகுல ஏறு, கானாங்கெளுத்தி வந்திருக்கு."

மாலின் திட்டினாள், அழுதாள், பிறகு ஏறினாள். அந்த வாரம் முழுக்க மகள் துடுப்புப் போட, யோர்டிஸ் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசினாள். கல்யாணத்துக்கு முன் தன்னைச் சுற்றிவந்த நார்வேக்காரனைப் பற்றிக்கூடச் சொன்னாள். மாலின் வயிறு வலிக்கச் சிரித்தாள். பிடித்த மீனைப் பொரித்துப் புது உருளைக்கிழங்கோடு இருவரும் தின்று தீர்த்தார்கள்.

ஊருக்குக் கிளம்பும் நாளில், படகுத்துறையில் நின்ற காருக்குள் கெர்ட்ருட் எட்டிப் பார்த்தாள். பெட்டிகள் எல்லாம் காலி. "ஒண்ணுகூட நிரம்பலையே, மாலின். இவ போனப்புறம் அத்தனை சாமானையும் வெச்சுக்கிட்டு நீதானே உக்காந்து அழணும்?"

மாலின் நிதானமாகத்தான் சொன்னாள். "எப்படியும் அழத்தானே அத்தை போறேன். அப்ப எங்கம்மா சாமானாவது பக்கத்துல இருக்கட்டும்."

யோர்டிஸ் கார்க் கதவைத் திறந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். காரை ஏற்றிப்போகும் படகு வரும்வரை இறங்கவே இல்லை.