ஓசி பிளாப்பியும் ஒளித்துவைத்த எண்களும்

சென்னைப் பாடியிலிருந்து வந்த டைப்பிங் கடைக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சார் வீட்டு வாசலில் நின்று கத்தினார். சாரிடம் ஒரு சந்தேகம் கேட்க வந்த நான் உள்ளே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா சார், சாஃப்ட்வேர ஓசியா குட்தா இப்டித்தான் குட்ப்பியா? ஒவ்வொரு எய்த்து நடுவுலயும் வெள்ளக் கோடு வுய்து. கோயில் நோட்டீசு சார்! தர்மகர்த்தா என் மூஞ்சி மேலயே வீசிட்டுப் போய்ட்டான். கடைய மூடிகினு போவவா நானு?"

"மன்னிச்சுக்கிடுங்க" என்றார் சார். "அந்த மாடல் பிரிண்டர் என்கிட்ட இல்ல. விசாரிச்சுச் சொல்லுதேன்."

"எப்ப சொல்லுவ? தீவாளி வேலையெல்லாம் வந்துகினு கீது."

சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்து நீட்டினார். அதன் மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமப் பொட்டு. சந்தனம் வழிந்து, உள்ளே தட்டு தெரியும் திறப்புக்குள்ளும் போயிருந்தது.

சாரின் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பிளாப்பிக்கெல்லாமா பொட்டு வைப்பாக?"

"ஆயுத பூசைக்கு வெக்காம? அதானக்கா தொயில் பண்ற சாமான்."

"இதுல என்ன வச்சிருந்தீங்க?" என்று சார் கேட்டார்.

அதுவரை தெருவே கேட்கப் பேசியவர் சட்டென்று குரலை இறக்கினார். "அது... நம்ம சொந்த மேட்டரு சார்."

எனக்குப் புரிந்துவிட்டது. தன் புதுப் பிரிண்டரில் அந்தக் கோட்டை நீக்கும் வழியை அவர் ஏற்கெனவே கண்டுபிடித்திருக்கிறார். யாருக்கும் சொல்லாமல் அந்த ஒரே பிளாப்பியில் வைத்திருக்கிறார். பூஜையில் அது போய்விட்டது. இப்போது வந்து சாரைத் திட்டுகிறார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்ட பிரிண்டருக்கு உரிய எண் அந்த நிமிடம் என் மனதில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சார் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் படிப்பு பத்தாவது. தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹயர் பாஸ் செய்திருந்தேன். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து தினமும் ஆவடிக்கு வந்து ஒரு ஜாப் டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. டைப்ரைட்டரை மூலையில் தள்ளிவிட்டுக் கடைகளெல்லாம் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டன. நான் பிழைத்துக்கொண்டதற்குக் காரணம் சாரின் சாஃப்ட்வேர். பழைய டைப்ரைட்டரில் எந்த விரல் எந்த எழுத்துக்குப் போகுமோ, அதே இடத்தில் அதே எழுத்து வரும்படி அதைச் செய்திருந்தார்கள்.

சாருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவரும் அதே குவார்ட்டர்ஸில் இருந்த இரண்டு நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதியது அது. யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. பிளாப்பியைப் போட்டதும் முதலில் ஒரு கடிதம் தெரியும். 'யாரும் எடுத்துக்கொள்ளலாம். யாருக்கும் கொடுக்கலாம். உள்ளே உள்ளதை மாற்றலாம். மாற்றினால் எங்களுக்கும் ஒரு கடிதம் போடுங்கள், எல்லோருக்கும் பயன்படட்டும்.' கீழே சாரின் குவார்ட்டர்ஸ் விலாசம்.

ஆவடி, அம்பத்தூர், பாடி, பூந்தமல்லி என்று எங்கே போனாலும் டைப்பிங் கடைகளில் அதுதான் ஓடியது. நண்பர்களில் ஒருவர் சிங்கப்பூர் போனார். இன்னொருவர் கல்யாணமாகி ஓசூர் போனார். சார் மட்டும் மிஞ்சினார். இரண்டு வருடமாகப் புதிதாக எதுவும் சேர்க்கவில்லை. அதற்குள் கடைகளில் புதுப் புது பிரிண்டர்கள் வந்துவிட்டன.

அந்த வெள்ளைக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போதைய பிரிண்டர் ஒரு தமிழ் எழுத்தை ஒரே வீச்சில் அடிக்காது. மேல்பாதியை ஒரு முறை, கீழ்ப்பாதியை ஒரு முறை அடிக்கும். நடுவில் காகிதம் எவ்வளவு நகர வேண்டும் என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். அந்த அளவை எண்களாக ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைத்திருந்தார்கள். எண் கூடினால் எழுத்தின் வயிற்றில் கோடு விழும். குறைந்தால் இரண்டு பாதியும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சாரிடம் இருந்தது இரண்டு பிரிண்டர்களுக்கான எண்கள் மட்டுமே.

எங்கள் கடைப் பிரிண்டரும் பாடிக்காரர் வாங்கியிருந்த அதே மாடல்தான், அதற்கான எண்ணை நானே கண்டுபிடித்தேன். ஓனர் சாப்பிடப் போகும் மதிய நேரத்தில் எண்ணை மாற்றுவேன், ஒரு வரி அடிப்பேன், டியூப் லைட்டில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். இப்படி ஒன்பது நாள். கோடில்லாமல் வந்த தாளை ஓனரிடம் காட்டியபோது அவர் தொடையில் தட்டினார்.

"சூப்பர்மா! ஆனா வெளிய மூச்சு வுடக் கூடாது, சொல்ட்டேன். பக்கத்துக் கடைக்காரன் கோடு போட்டுகினே கெடக்கட்டும். நம்ம கைல மட்டும்தான் சுத்தமா வரணும்."

அந்த ஃபைலுக்குத் தன் மகளின் பெயரை வைத்து ஒரு பிளாப்பியில் ஏற்றி சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இதை மறைத்து எழுத விரும்பவில்லை.

கொஞ்ச நாளில் வேறொன்று கண்ணில் பட்டது. மற்றக் கடைகளில் அடித்த நோட்டீஸ்களைத் திருத்தி அடிக்கச் சொல்லி எங்களிடம் கொண்டு வருவார்கள். பார்த்ததும் அது சாரின் சாஃப்ட்வேர் என்று சொல்லிவிடுவேன். அதில் 'ழ' எழுத்தின் வால் குட்டையாக இருக்கும். அம்பத்தூர் நோட்டீஸில் கோடு இல்லை. பூந்தமல்லி நோட்டீஸிலும் இல்லை. அப்படியானால் எல்லோரும் என்னைப்போல உட்கார்ந்து தாளை வீணடித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரே வேலையை ஒவ்வொரு கடையிலும் தனித்தனியாகச் செய்து, ஒவ்வொருவரும் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்கள். கடிதம் போடுங்கள் என்று எழுதி வைத்த மனிதருக்கு ஒரு வரி எழுதவில்லை. பிரிண்டர் மாறினால் மட்டும் அவர் வாசலில் நின்று கத்துவார்கள்.

பாடிக்காரர் போனதும் சார் என்னிடம் சொன்னார்: "எனக்கு வடக்க மாத்தல் வந்துட்டும்மா. ரெண்டு மாசத்துல கெளம்பணும். இத இத்தோட முடிச்சிருவோம்."

"நல்லதாப் போச்சு" என்றார் அவர் மனைவி. "அங்கயாவது ஞாயித்துக்கிழமை வாசல்ல யாரும் ஏச மாட்டாக."

எங்கள் ஓனர் ஏற்கெனவே ஒரு விலை கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேரைப் பார்த்து வைத்திருந்தார். அதில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும். என் விரல்களுக்கு அது தெரியாது. காலேஜ் படித்த பெண்கள் அதைப் பத்து நாளில் கற்றுக்கொண்டு வந்துவிடுவார்கள். சாருடையது நின்றுபோனால் என்னை எந்தக் கடையிலும் உட்கார வைக்க மாட்டார்கள்.

"சார், போறதுக்கு முன்னாடி எல்லாப் பிரிண்டருக்கும் அளவு போட்டு ஒரு புதுப் பிளாப்பி விடுங்க சார்."

"அளவுக்கு நான் எங்க போவேன்? கொண்டாங்க, போட்டுத் தாரேன்."

என் எண்ணை அப்போதும் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்கு நானே கேட்டேன், பாடிக்காரனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம் என்று.

அடுத்த ஞாயிறு பாடிக்குப் போனேன். அந்தக் கடைக்கு எதிரே நின்று லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாவது முறை அவரே கூப்பிட்டார்.

"இன்னாம்மா, அட்ரஸ் தேடுறியா?"

"உங்க புதுப் பிரிண்டருக்கு நம்பர் எனக்குத் தெரியும்ணே."

முகத்தை உற்றுப் பார்த்தார். "ஏய், நீ அன்னிக்கு சார் ஊட்ல குந்திகினு இருந்தவதான? நான் தொண்ட கியியக் கத்தினேன். அப்ப வாய்ல இன்னா, கொயுக்கட்டையா?"

"தப்புதாண்ணே. சொல்லியிருக்கணும்."

சொல்லி முடித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. எண்ணை எழுதிக் கொடுத்தேன். அவர் போட்டு ஒரு வரி அடித்தார். கோடு இல்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒனக்கு இன்னா வோணும்?"

"உங்க பழைய பிரிண்டரோட நம்பர். சாருக்கு. எல்லாருக்கும் போற பிளாப்பில போடுறதுக்கு."

"எல்லாருக்குமா? எதுர்க் கடைக்காரனுக்கும் சேத்தா?"

"அவருக்கும்தான்."

வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டே, மனப்பாடமாக இருந்த அந்தப் பழைய எண்ணை எழுதிக் கொடுத்தார்.

அப்படியே ஒவ்வொரு ஞாயிறும் போனேன். ஒரு எண்ணைக் கொடுத்து ஒரு எண்ணை வாங்கினேன். அம்பத்தூரில் ஒருவர், "நான் ஒரு ரீம் பேப்பர் நாசம் பண்ணிக் கண்டுபுட்ச்சதும்மா இது, நோவாம கேக்கிற?" என்று அனுப்பிவிட்டார். அவர் மேஜையில் ஓடிக்கொண்டிருந்தது சார் மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளைப் போட்டு எழுதிய சாஃப்ட்வேர். அதைச் சொல்ல வாய் வரை வந்தது, சொல்லாமல் திரும்பினேன். அயனம்பாக்கத்தில் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்தார். அவருக்குப் பின்னால் பிரிண்டர் சுத்தமாக அடித்துக்கொண்டிருந்தது. பூந்தமல்லிக்காரர் மட்டும் கேட்டதும் கொடுத்தார். ஆறு வாரத்தில் ஐந்து பிரிண்டர்களுக்குச் சேர்ந்தது. என்னுடையதோடு ஆறு.

சாரிடம் கொடுத்த மறு வாரமே எங்கள் ஓனருக்குத் தெரிந்துவிட்டது. பாடிக்காரர் ஃபோன் செய்து, "ஒன் கடைப் பொண்ணு தங்கம்ப்பா" என்று பாராட்டியிருக்கிறார்.

"நம்ம சரக்க எத்தினி பேருக்கு வாரி வுட்ட?" என்று ஓனர் கேட்டார். கடையில் இரண்டு கஸ்டமர்கள் இருந்தார்கள்.

"நம்ம சரக்கு இல்லண்ணே. சார் எழுதுனது."

"கண்டுபுட்ச்சது என் கடைல. என் பேப்பர்ல."

அதுவரை அவரிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை. அன்று உயர்த்தினேன். "கண்டுபுடிச்சது நான். நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. நாலு வருஷமா அவரோடதை வச்சு சம்பாதிக்கிறீங்க. ஒரு நாளாவது அந்த மனுஷனுக்கு ஒரு நன்றி சொல்லியிருக்கீங்களா? ஒளிச்சு ஒளிச்சு வச்சு அதை நீங்க எல்லாரும் சேர்ந்துதான் கொல்லுறீங்க."

"அவ்ளோ பேச்சா? நாளைலேந்து வராத."

அன்று மாலையே என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

புதுப் பிளாப்பி வெளியே போனது. விலாசம் இருந்த இடத்தில் என் பெயரையும் வீட்டு முகவரியையும் போடச் சொல்லி நானே கேட்டேன். எண்களை மாற்றத்தான் எனக்குத் தெரியும், உள்ளே எழுதியிருப்பது தெரியாது என்றேன். "வந்து கேக்கறதுக்கு ஒரு ஆள் இருந்தாப் போதும். உள்ள ஏதும் ஆச்சுன்னா எனக்கு எழுதுங்க" என்றார் சார்.

அவர்கள் கிளம்பும் நாளில் சாமான் கட்டப் போனேன். பரணிலிருந்து சார் ஒரு பிளாஸ்டிக் பையை இறக்கி என் முன்னால் வைத்தார். இன்லேண்ட் லெட்டர்கள், கார்டுகள், நாலைந்து பிளாப்பிக் கவர்கள். பெரும்பாலானவை பிரிக்கப்படவே இல்லை.

"இதெல்லாம் என்ன சார்?"

"சாஃப்ட்வேர் சம்பந்தமா வந்தது. இனி உங்ககிட்டதான இருக்கணும்."

மேலே இருந்த ஒன்றைப் பிரித்தேன். ஆரணியிலிருந்து ஒரு டைப்பிங் கடைக்காரர் எழுதியிருந்தார். அழகான கையெழுத்து. அவர் கடைப் பிரிண்டரில் கோடு விழுந்ததாம், இந்த எண்ணைப் போட்டதும் சரியாகிவிட்டதாம், மற்றவர்களுக்கும் உதவும் என்று அனுப்புகிறாராம். பிரிண்டர் பெயரைப் பார்த்தேன். நான் ஒன்பது நாள் டியூப் லைட்டைப் பார்த்துக் கண் எரியக் கண்டுபிடித்த அதே பிரிண்டர். அதே எண். நான் தேட ஆரம்பிப்பதற்கு ஒரு வருடம் முன்பு வந்த கடிதம்.

அடுத்ததைப் பிரித்தேன். அம்பத்தூர்க்காரர் தர மறுத்த எண் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தது.

"சார், இதை நீங்க பிரிக்கவே இல்லையா?"

சார் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "மொதல்ல எல்லாத்துக்கும் பதில் போட்டேன். அப்புறம் நாலுக்கு ஒண்ணு. வந்த லெட்டர்ல பாதி ஏச்சுதான் இருந்துச்சு. கவரப் பாத்தாலே பயமா இருக்கும். தனியாளு, என்ன செய்ய?"

"உங்களுக்காக நான் கடை கடையா ஏறி எறங்குனேன் சார். வேலை போச்சு."

சார் அடுத்த மூட்டையைக் கட்டப் போனார். அவர் மனைவிதான், "அப்பவே சொன்னேன், கொண்டு போயி அடுப்புல போடுங்கன்னு" என்றார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. விடைபெறும்போது சாரின் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே வந்தேன். அவர் பட்ட பாடு தெரிந்தும் அந்தக் கோபம் இன்றுவரை முழுதாக ஆறவில்லை. கொடுக்காதவர்களைத் திட்டிக்கொண்டே இருந்தோம். கொடுத்தவர்கள் பரணில் கிடந்தார்கள்.

ஒன்றரை மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். பிறகு பூந்தமல்லிக்காரர் தன் கடையில் உட்கார வைத்தார். அவர் வேறு சாஃப்ட்வேருக்கு மாறவில்லை. மாற வேண்டிய அவசியம் வரவில்லை.

அந்த ஒன்றரை மாதத்தில் தினமும் காலையில் பையைக் கொட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தேன். திட்டி எழுதியவையும் இருந்தன. அவற்றைத் தனியாக வைத்தேன். எண் அனுப்பியவர்களுக்குப் பதில் எழுதினேன். முதல் கார்டு ஆரணிக்கு. யாருக்கும் கடிதம் எழுதிப் பழக்கமில்லாததால் என்ன எழுதுவதென்று வெகுநேரம் தெரியவில்லை. கடைசியில் இப்படி எழுதினேன்: 'ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. எண் சரியாக இருக்கிறது. நானும் போட்டுப் பார்த்தேன். அடுத்த பிளாப்பியில் உங்கள் பெயர் இருக்கும். வேறு பிரிண்டர் வாங்கினால் அதற்கும் எழுதுங்கள். நான் பிரித்துப் படிப்பேன்.'