பூஜப்புரைச் சிறையும் பிந்தி வரும் குதிரையும்

வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். திருவிதாங்கூர் பாடத்தின்போது வகுப்பில் ஒரு செவிவழிக் கதை சொல்வேன். தூக்குத் தண்டனையின் பாவம் மன்னரைச் சேரக்கூடாதாம். அதனால் மன்னிப்பு ஆணையோடு ஒரு குதிரைவீரன் புறப்படுவானாம், தூக்கு முடிந்தபின் வந்து சேரும்படி. தேர்வு முடிந்தபிறகு கைக்கு வரும் நுழைவுச்சீட்டு மாதிரி. அவனுடைய ஆவி திருவனந்தபுரத்தில் பூஜப்புரைச் சிறை மதிலோரம் அலைவதாகக் கேள்விப்பட்டு, கடந்த ஜூனில் ஒரு வியாழக்கிழமை நாகர்கோவிலில் ரயிலேறினேன்.

திருவனந்தபுரம் ரயில் நிலையம் இருக்கும் தம்பானூரில் இறங்கியபோது மாலை நான்கேகால். சிறை அங்கிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் மணியன் தமிழர்தான், பேச்சில் மலையாளம் கலந்திருந்தது. நான் ஆசிரியை, குதிரைவீரன் கதைக்காக வந்திருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். வண்டி கிளம்பும்போது ஒரு பெண் ஓடிவந்து கம்பியைப் பிடித்தாள்.

"அண்ணே, ஜெயிலுக்கு. வேற ஆட்டோ கெடைக்கல."

"ஏத்திக்கட்டா, டீச்சரே?"

நகர்ந்து உட்கார்ந்தேன். பெயர் செல்வி, தென்காசிப் பக்கம். கட்டட வேலை செய்யும் கணவர் ஓர் அடிதடி வழக்கில் உள்ளே இருக்கிறார். ஜாமீன் ஆணை அவள் கையில் இருந்தது. கைதிகளை அறைகளில் அடைக்கும் மாலைப் பூட்டுக்கு முன் அது போய்ச் சேராவிட்டால் இன்னோர் இரவும் அவர் உள்ளேதான்.

மணியன் கதையைத் தொடங்கினார். "விடியக்காலம் குளம்புச் சத்தம் கேக்கும் டீச்சரே. எங்கப்பா கேட்டிட்டுண்டு. மெள்ளப் போன்னு அவனுக்கு உத்தரவு. செத்தப்புறம் ஓடு ஓடுன்னு ஓடறான், ஜெயில் கேட் தொறக்கல."

"அண்ணே, பேய் நிக்கட்டும். வண்டிய ஓட்டுங்க."

ஜகதிச் சந்திப்பில் வண்டிகள் அசையவில்லை. மணியன் கதையை நிறுத்திவிட்டு ஒரு சந்துக்குள் திருப்பினார். எதிரே வந்த ஸ்கூட்டர்காரர் ஒதுங்க இடமில்லாமல் கத்தினார்: "எவிடேக்கா?"

"ஜெயிலுக்கு!"

"ஜெயிலுக்குப் போக இத்ரை அவசரமோ?"

வாயிலில் காவலர் தாளை வாங்கிக்கொண்டு காத்திருக்கச் சொன்னார். சாலையோரத்தில் கைதிகள் செய்யும் சப்பாத்தியை விற்கிறார்கள். ஒரு பொட்டலம் வாங்கினேன். செல்வி அதைத் தொடவில்லை. மணியனும் அடுத்த சவாரிக்குப் போகவில்லை.

இருட்டத் தொடங்கியபோது பெரிய கதவிலிருந்த சின்னக் கதவு திறந்தது. பிளாஸ்டிக் பையோடு ஒருவர் குனிந்து வெளியே வந்தார். செல்வி முதலில் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "இனி எவங்கூடயாவது சண்டைக்குப் போவியா?" அப்புறம்தான் அழுதாள். பொட்டலத்தை அவரிடம் நீட்டினேன்.

"ரெண்டு வாரமா இதத்தான் தின்னேம்மா. வேற ஒண்ணும் இல்லையா?"

போக நினைப்பவர்களுக்கு: உள்ளே பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை, மதிலை வெளியிலிருந்து பார்க்கலாம். வாயிலருகே படம் எடுக்க வேண்டாம். குளம்புச் சத்தம் விடியற்காலையில்தானாம். நான் அதுவரை தங்கவில்லை. மாலையில் போனால் ஜகதிச் சந்திப்பைத் தவிர்க்க ஆட்டோக்காரரிடம் சொல்லுங்கள். உங்களுக்கு அவசரம் இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இருக்கலாம்.