அக்கா வீட்டுப் பின்வாசல் ஜெனரேட்டர்

ஓடாத எஞ்சின் தேயாது, தேயாத எஞ்சின் அவசரத்துக்குக் கைகொடுக்கும் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். அதனால் அக்காவுக்காக வாங்கிய ஜெனரேட்டரைக் கடையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்ததோடு சரி. வீட்டுக்குக் கொண்டுவந்து, டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு சுங்குடிச் சேலையைப் போர்த்திவிட்டு மாதக்கணக்கில் அதைத் தொடவே இல்லை. சின்னாளபட்டியில் சேலைக்கடை நடத்துகிறவன் நான். மடிப்புக் கலையாமல் வைத்தால் எந்தப் பொருளும் புதிதாகவே இருக்கும் என்பது என் தொழில் கற்றுக்கொடுத்த பாடம்.

அக்காவின் நினைவு மலரில் முதல் பத்தியிலேயே ஜெனரேட்டரா என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அவருடைய கடைசி நாட்களில் அக்காவுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் பேசியதும் கெஞ்சியதும் அதனிடம்தான்; அதிகம் திட்டியதும் அதைத்தான்.

அக்கா நத்தத்தில் பிறந்தவர். எங்கள் ஐந்து பேரில் மூத்தவர். அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டு, எங்களுக்குத் தலைவாரி விடுவது முதல் உதைப்பது வரை எல்லாப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். சித்தையன்கோட்டையில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் இளம் வயதிலேயே தவறிவிட, கைக்குழந்தையாக இருந்த மகள் கவிதாவோடு திண்டுக்கல்லுக்கு வந்து பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். இரவு ஷிப்டு முடிந்து தலைமுடியெல்லாம் பஞ்சோடு வந்து நிற்பார். "உங்கக்காவுக்கு அதுக்குள்ள நரைச்சிருச்சாடா?" என்று என் நண்பன் ஒருவன் கேட்டிருக்கிறான். அந்தச் சம்பளத்தில்தான் கவிதாவைப் படிக்கவைத்தார். எனக்குக் கடை வைக்கத் தன் வளையலைக் கழற்றிக் கொடுத்தவரும் அவர்தான். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. என் தொப்பையைத்தான் தினமும் சொல்லிக் காட்டுவார்.

வேலையை விட்டுச் சில வருடங்களில் மூச்சுத் திணறல் வந்தது. நுரையீரல் மிகவும் கெட்டுவிட்டது, இனி வீட்டில் ஆக்சிஜன் மிசின் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். மின்சாரத்தில் ஓடும் மிசின் அது. காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். "கரண்ட் போனால்?" என்று நான் கேட்டேன். மருத்துவர், "மாற்று ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார். எனக்கு அங்கேயே வியர்த்துவிட்டது.

அவசரத்துக்கு ஒரு சிறிய சிலிண்டர் வாங்கினோம். அது சில மணி நேரம்தான் தாங்கும் என்றார்கள். ஆகவே பெட்ரோலில் ஓடும் சிறிய ஜெனரேட்டர் ஒன்றும் வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று அதைக் கூடத்தில், அக்காவின் கட்டிலை ஒட்டி வைத்தேன். அக்கா அதன் புகைக்குழாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏலே அப்பு, இத நான் மூச்சு விடுறதுக்கு வாங்குனியா, நிறுத்துறதுக்கு வாங்குனியா?"

பின்வாசலுக்குக் கொண்டுபோனேன். சேலை போர்த்திய வைபவம் அங்கேதான் நடந்தது.

ஆடிக் காற்றில் ஒருநாள் மதியம் மரக்கிளை முறிந்து கம்பியில் விழ, தெரு முழுக்கக் கரண்ட் போனது. அன்று நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். ஆக்சிஜன் மிசின் கூவென்று ஒரு குரல் கொடுத்துவிட்டு நின்றது. கவிதா பதறாமல் குழாயைச் சிலிண்டருக்கு மாற்றினாள். நான் பின்வாசலுக்கு ஓடிச் சேலையை உருவி, கயிற்றை இழுத்தேன். எஞ்சின் கிளம்பவில்லை. மறுபடி இழுத்தேன். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். டேங்கைத் திறந்து பார்த்தேன், பெட்ரோல் இருந்தது. "எம்மா தாயே" என்றேன். எந்தத் தெய்வத்தைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பூசையறைக்கு ஓடிச் சூடத்தை எடுத்துவந்து அதன் முன்னால் கொளுத்தப் போனேன்.

"மாமா! டேங்க் தொறந்து கெடக்கு!" என்று கவிதா பாய்ந்து வந்து தீப்பெட்டியைப் பிடுங்கினாள். "நீங்க உள்ள வந்து செத்த நேரம் சும்மா உக்காருங்க. அது ஒண்ணுதான் நீங்க செய்யற உதவி."

சிலிண்டர் தீருமுன் கரண்ட் வந்துவிட்டது. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவனுக்கு மொதல்ல அந்தக் குழாய மாட்டுடி" என்றார்.

மறுநாள் காசிம் பாயை அழைத்துவந்தேன். கல்யாண வீடுகளுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர். பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்த எந்தச் சுவிட்சும் கிடையாது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற கார்பரேட்டரைக் கழற்றி, அதன் அடிக்கிண்ணத்தை என் மூக்கருகே நீட்டினார். அடியில் மஞ்சளாகப் பிசின் போல ஏதோ ஒட்டியிருந்தது.

"மாப்ள, பெட்ரோல ஊத்தி ஊறுகா போட்டு வச்சிருக்க. இம்புட்டூண்டு ஓட்டை வழியாத்தான் அது உள்ள போகணும். அதுல பிசின் அடச்சிருச்சு. எஞ்சினு ஓடுனாத் தேயாது, ஓடாமக் கெடந்தாத்தான் கெட்டுப்போகும். இதுக்கு எதுக்குச் சேல கட்டி விட்ட? வளகாப்பா?"

அன்று முதல் நான் மாணவன். எஞ்சினுக்கு நான்கு தேவை என்று மனப்பாடம் செய்தேன்: காற்று, பெட்ரோல், பிளக்கில் பொறி, உள்ளே ஆயில். ஆயில் குறைந்தால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கிளம்பவே கிளம்பாது. அதில் நான் பார்த்த ஒரே சுயமரியாதை அதுதான். பிளக்கைக் கழற்றிக் கரி துடைத்தேன். காற்று வடிகட்டியைச் சோப்பு நீரில் அலசிக் காயவைத்தேன். கையேட்டைக் கட்டிலில் சாய்ந்தபடி அக்கா வாசிப்பார். மூச்சு வாங்க இடையிடையே நிறுத்துவார். நான் பின்வாசலிலிருந்து, "அப்புறம்?" என்று கத்துவேன். "இருடா, நான் என்ன ரேடியோவா?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓட்டினோம். வெறுமனே ஓட்டக்கூடாது, ஏதாவது ஒரு மிசினை மாட்டி ஓட்டு என்று பாய் சொல்லியிருந்தார். உடனே அக்கா, "ஓடுறதுதான் ஓடுது, மாவ ஆட்டிப்புடுவோம்" என்றார். அதன் பிறகு வாரத்துக்கான இட்லி மாவு பெட்ரோலில்தான் அரைபட்டது. திண்டுக்கல்லிலேயே விலை கூடிய இட்லி அது என்று எதிர்வீட்டம்மா சொல்வார். சொல்லிக்கொண்டே ஒரு கிண்ணம் மாவும் வாங்கிப்போவார். மாவு ஆட்டி முடிந்ததும் பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, கார்பரேட்டரில் மிச்சம் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை காத்திருப்பேன். அது விக்கி விக்கி அடங்கும் சத்தம் எனக்குப் பிடிக்காது. வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இவ்வளவு கற்றும் பயம் போகவில்லை. கடையில் மின்விசிறி நின்றால் சேலையை விரித்தது விரித்தபடி கிடக்க, வாடிக்கையாளரை விட்டுவிட்டு வண்டியை எடுத்திருக்கிறேன். சின்னாளபட்டியில் கரண்ட் போனால் திண்டுக்கல்லிலும் போக வேண்டுமென்று சட்டமில்லை என்பது பாதி வழியில்தான் உறைக்கும்.

பிறகு ஒருநாள், பராமரிப்பு வேலைக்காகப் பகல் முழுவதும் மின்தடை என்று அறிவித்தார்கள். சிலிண்டரோ நிரப்பப் போயிருந்தது. மாலையில்தான் வரும் என்று கடைக்காரர் கையை விரித்தார். கரண்ட் போனதும் நான் கயிற்றை இழுத்தேன். எஞ்சின் சமர்த்தாகக் கிளம்பியது. மதியம்வரை அதன் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் அந்தச் சிக்கல் வந்தது. பெட்ரோல் தீரப்போகிறது. ஓடுகிற எஞ்சினில், சூட்டோடு, பெட்ரோல் ஊற்றக் கூடாது. நிறுத்தியாக வேண்டும், செத்த நேரம் ஆறவிட வேண்டும். அதுவரை அக்காவுக்கு ஆக்சிஜன் கிடையாது.

அக்காவின் முன்னால் போய் நின்றேன். கையில் பெட்ரோல் கேன் இருந்தது.

"நிறுத்துடா. நான் எங்கயும் போயிர மாட்டேன்" என்றார்.

கவிதா அவரை முன்சாய்த்து உட்காரவைத்து முதுகைத் தாங்கிக்கொண்டாள். நான் நிறுத்தினேன். ஆறட்டும் என்று நின்ற அந்த நேரத்தில், அதற்கு விசிறிவிட்ட ஒரே ஆள் இந்தத் தமிழ்நாட்டில் நானாகத்தான் இருப்பேன். பெட்ரோலை ஊற்றினேன். சிந்தியதைத் துடைத்தேன். கயிற்றை இழுத்தேன். கிளம்பவில்லை. வால்வு திறந்திருந்தது. ஆயில் இருந்தது. இழுத்தேன். இல்லை. உள்ளே கவிதா, "மாமா, விரல் நிறம் மாறுது" என்றாள். கயிற்றைக் கையில் சுற்றி இன்னும் பலமாக இழுத்தேன்.

அப்போது உள்ளேயிருந்து அக்காவின் குரல், ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"சுவிச்ச... போட்டியாலே?"

போடவில்லை. நிறுத்தும்போது அணைத்த, பிளக்குக்குப் பொறி தரும் எஞ்சின் சுவிட்சு அணைந்தபடியே இருந்தது. போட்டுவிட்டு இழுத்தேன். கிளம்பியது. அக்கா முகத்தில் நிறம் திரும்பியதும் அவர் முதலில் கேட்டது, "நாளைக்கு மாவு இருக்கா?" என்பதுதான். நான் பின்வாசலில் தரையில் உட்கார்ந்து, எஞ்சின் சத்தத்துக்கு நடுவே, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் அழுதேன். கேட்டிருக்கிறது. பின்னாளில் அக்கா, வந்தவர் போனவரிடமெல்லாம் அதை நடித்துக் காட்டினார்.

அக்காவின் கடைசி மாதங்களில் வேளை தவறாமல் வந்து பார்த்த செவிலியர் அம்மாவுக்கும், அழைத்த நேரத்துக்கெல்லாம் வந்து பேசிப் பேசியே எங்களுக்குத் தெம்பூட்டிய காசிம் பாய்க்கும், சத்தத்தையும் புகையையும் பொறுத்துக்கொண்ட தெருவாருக்கும், அம்மாவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட கவிதாவுக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன். நான் மனதுக்குள் திட்டித் தீர்த்த எங்கள் பகுதி லைன்மேன்கள் மன்னிக்க வேண்டும். இறுதிச் சடங்குக்கு நத்தத்திலிருந்தும் சித்தையன்கோட்டையிலிருந்தும் வந்து கூடநின்ற உறவினர் அனைவருக்கும் நன்றி.

எப்படி முடிந்தது என்று வர முடியாதவர்கள் கேட்கிறார்கள். காலையில் காப்பி குடித்தார். தலையணையில் சாய்ந்தார். அப்படியே போய்விட்டார். அன்று கரண்ட் போகவில்லை. ஆக்சிஜன் மிசின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நான்தான் அதை நிறுத்தினேன்.