வெல்டிங் அக்கா அறுத்த குழாய்

ஒரு மாட்டின் தொண்டைக்கும் ஒரு இரும்புக் குழாய்க்கும் நடுவில் என் வலது கை மாட்டிக்கொண்டிருந்த அந்தக் காலைப்பொழுதைப் பற்றி யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உள்ளங்கையில் குழாயின் குளிர்ச்சி, புறங்கையில் மாட்டின் சூடு, அந்தச் சூட்டுக்கும் உள்ளே மூச்சு போகிறதா நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாத ஒரு கரகரப்பு. குழாயின் கோடியில் ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு ரம்பத்தை இழுத்துக்கொண்டிருந்தார். நான் அவரை வெல்டிங் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு அவரை நான் பார்த்த பார்வை இன்றுவரை மாறவில்லை.

எங்கள் கல்லூரியைக் கல்லூரி என்று சொன்னால் ஆட்டோக்காரருக்குத் தெரியாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தைத் தாண்டி, உப்புக்காற்றில் பெயர்ப்பலகையின் பாதி எழுத்து உதிர்ந்துபோன ஒரு பழைய கிடங்குதான் அது. ஒரு பாதியில் நாங்கள், கால்நடைத் தொழில்நுட்பம். மறுபாதியில் வெல்டிங். நடுவில் ஓர் ஆள் உயரச் சுவர். அவர்கள் புகை எங்களுக்கு வரும், எங்கள் சாணி வாடை அவர்களுக்குப் போகும். நாங்கள் அவர்களைத் தீபாவளி டிபார்ட்மெண்ட் என்போம். அவர்கள் எங்களை என்னவென்று சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. என் அப்பா தெற்கத்திப் பக்கமிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகைக்கடை போட்டவர். நான் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது, "கல்லாவில் உட்காரச் சொன்னால் மாட்டுக்குக் கொம்பு சீவப் போகிறாயா?" என்று கேட்டு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நானும் தூக்கி வைத்துக்கொண்டேன். பிடிவாதத்தில் நான் அவர் மகள்தானே.

அக்காவை முதலில் பார்த்தது தண்ணீர்க் குழாயடியில். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று வீங்கி, தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று பதறிக் கேட்டேன். "ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. கண்ணாடி போடறதுக்குள்ள பக்கத்துல ஒருத்தன் பத்த வச்சிட்டான். கண்ணுல மணல கொட்டுன மாரி கீது" என்றார். நான் டாக்டரும் இல்லை, டாக்டருக்குப் படிக்கவும் இல்லை என்று விளக்கினேன். "பரவால்ல, மாட்டுக்கு இன்னா தெரியப் போவுது" என்று சிரித்தார். அன்றிலிருந்து டாக்டரம்மாதான்.

முப்பது தாண்டியவர். காசிமேட்டுக்காரர். இரண்டு பிள்ளைகள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இறால் உரிக்கும் வேலை. ஐஸில் கை மரத்துப்போய் நகமெல்லாம் வெந்து கிடக்கும் என்று சொல்வார். பிறகு எண்ணூரில் இரும்புச் சட்டங்கள் செய்யும் ஒரு பட்டறையில் ஹெல்ப்பராகச் சேர்ந்து, மற்றவர்கள் பற்ற வைப்பதைப் பார்த்துப் பார்த்து, தனக்கும் அது வரும் என்று தோன்றியிருக்கிறது. பட்டறை சூப்பர்வைசர் நல்ல மனுஷர்தான். "சர்ட்டிபிகேட்டோடு வா, வெல்டராகவே எடுத்துக்கிறேன். இல்லையென்றால் ஹெல்ப்பர்தான்" என்றிருக்கிறார். அதற்காக இங்கே சேர்ந்த முதல் வருஷம் பரீட்சையன்று சின்னவனுக்குக் காய்ச்சல். ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலிலேயே பரீட்சை போய்விட்டது. இந்தத் தடவையும் விட்டால் பட்டறையில் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். இதை அவர் அழுது வடிந்து சொன்னதில்லை. சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, மீன் முள்ளை எடுப்பதுபோல் இயல்பாகச் சொன்னார்.

அந்த வருஷம் அவருடைய பரீட்சை வேலையே எங்களுக்காகத்தான். மாட்டை அசையாமல் நிறுத்தி ஊசி போடவும் சினை பார்க்கவும் நான்கு கம்பங்களை நட்டு, பக்கங்களிலும் முன்னாலும் குழாய் போட்டு ஒரு சட்டம் செய்வார்கள். டிராவிஸ் என்போம். எங்களிடம் இருந்தது மரத்தாலான பழைய சாமான். கரையான் தின்று மாடு முட்டினால் ஆடும். எங்கள் சார் ஒரு தாளில் படம் போட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கொடுத்தார். அக்கா அதைத் தன் பரீட்சை வேலையாக, அவர்கள் பேச்சில் சொன்னால் 'ஜாப்' ஆக, எடுத்துக்கொண்டார். அளந்து, அறுத்து, தேய்த்து, பற்றவைத்து அவர் முடித்த அன்று நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று வாயைப் பிளந்தோம். சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொரு மூட்டிலும் மீன் செதிலை அடுக்கியதுபோல வரி வரியாக அவ்வளவு ஒழுங்கு.

அதில் ஒரு தப்பு இருந்தது. மாட்டின் மார்புக்கு முன்னால் வரும் குழாய் கழற்றி எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். உள்ளே நிற்கும் மாடு திடீரென்று படுத்துவிட்டால் கழுத்து அதில் மாட்டும். உடனே குழாயை உருவியாக வேண்டும். மாட்டோடு பழகிய எவருக்கும் இது தெரியும், அதனாலேயே எங்கள் சார் அதைத் தாளில் எழுதவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமோ, இரண்டு இரும்பு சேரும் இடம் என்றால் அது பற்றவைக்க வேண்டிய இடம். கழன்று வரும் இணைப்பு என்பது அவர்களுக்கு அரைகுறை வேலை. அக்கா அந்தக் குழாயின் இரண்டு முனையையும் சுற்றி வளைத்து, இந்த ஜென்மத்தில் பிரியாதபடி பற்றவைத்திருந்தார். மூட்டின் அழகைப் பார்த்து மயங்கி நின்ற எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை, சார் உட்பட.

பரீட்சைக்கு முந்தின நாள் காலை, தண்டையார்பேட்டைப் பால்கார பாய் தன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். கன்று போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தீனி எடுக்கவில்லை, காது சில்லென்று இருக்கிறது என்றார். நடந்துதான் வந்தது. புது டிராவிஸில் ஏற்றினோம். சார் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பால் காய்ச்சல். கால்சியம் ஏத்தணும், பாட்டிலை எடும்மா" என்று என்னிடம் சொன்னார். கன்று போட்ட மாட்டின் ரத்தத்தில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தையெல்லாம் பால் இழுத்துக்கொண்டுவிடும்; உடம்பு தொய்ந்துபோகும். காய்ச்சல் என்று பெயரே தவிர காதும் காலும் குளிர்ந்துதான் கிடக்கும். நான் பாட்டிலோடு திரும்பி வருவதற்குள் மாட்டின் முன்கால் இரண்டும் மடிந்தன. மொத்தப் பாரமும் கழுத்தில் இறங்க, தொண்டை அந்தக் குழாயின்மேல் போய் உட்கார்ந்தது. நாக்கு வெளியே வந்துவிட்டது.

"குழாயை உருவு! உருவு!" என்று சார் கத்தினார். உருவப் போன பையன் இழுத்தான், ஆட்டினான், அப்புறம் அசடு வழிய எங்களைத் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. பாய் தலையில் கைவைத்துக்கொண்டு, "யா அல்லா, வீட்ல கன்னுக்குட்டி கட்டிக் கெடக்கு சார், ஏதாச்சும் பண்ணுங்க சார்" என்று அழ ஆரம்பித்தார். நாங்கள் வைக்கோல் மூட்டைகளை இழுத்து வந்து மாட்டின் நெஞ்சுக்கு அடியில் திணித்தோம். நான்கைந்து பேர் தோள் கொடுத்துக் கழுத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு மூச்சு போயிற்று. எவ்வளவு நேரம் அப்படித் தாங்க முடியும்?

சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தார். ஒரே பார்வை. திரும்ப ஓடிப்போய் அறுக்கும் மெஷினைக் கொண்டுவந்து பொருத்தி ஒரு தடவைதான் ஓட விட்டார். அந்த அலறலுக்கும் தீப்பொறிக்கும் மாடு மிரண்டு திமிற, தூக்கிப் பிடித்திருந்தவர்கள் தடுமாறி, கழுத்து மறுபடி இறங்கியது. அக்கா உடனே மெஷினை அணைத்துக் கீழே வைத்துவிட்டுக் கை ரம்பத்தை எடுத்தார். அவருடைய மாஸ்டர் பின்னாலேயே வந்துவிட்டார். "ஏம்மா, நாளைக்கு எக்ஸாமினர் வர்றாரு. ஜாபை அறுத்துட்டு எதைம்மா காட்டுவே?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அக்காவின் கதை தெரிந்தவர்தான். அக்கா நிமிரவே இல்லை. "மாடு செத்துப் பூட்டா, அப்பால இந்த ஜாப்ப வச்சிகினு நான் இன்னா சார் பண்றது?" என்றார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். "டாக்டரம்மா, கொரவளைக்கும் பைப்புக்கும் நடுவுல கைய வுடு. பைப்பு உதறுச்சுனா சொல்லு. மூச்சு நின்னா சொல்லு. வேற எதுவும் பேசாத." கையை விட்டேன். குழாயின் நடுவில் அறுத்தால் சீக்கிரம் முடியும், ஆனால் குழாய் அதிர்ந்து தொண்டையில் இடிக்கும் என்று, கம்பத்தை ஒட்டி, தான் பற்றவைத்த மூட்டின் மேலேயே ரம்பத்தை வைத்தார். அவ்வளவு நீளமான, அவ்வளவு பதமான இழுப்பை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. "உதறுதா?" என்பார். "இல்லக்கா." "மூச்சு?" "கீதுக்கா." ஆமாம், என் வாயிலும் அப்படித்தான் வந்தது. பிளேடு ஒன்று உடைந்தது. வேறு மாட்டினார். உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து ரம்பத்தின் பிடி நனைந்தது. ஒரு பையன் "நான் இழுக்கிறேன் அக்கா" என்று வந்தான். "நீ கம்முனு கழுத்தத் தூக்கு, ஆட்டிப்புடுவ" என்று விரட்டினார். என் கைக்குத்தான் எல்லாம் தெரிந்தது. இந்தப் பக்கம் ஓர் உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது, அந்தப் பக்கம் ஒருத்தி தன் பிழைப்பையே அறுத்துக்கொண்டிருக்கிறாள், இரண்டும் என் ஒரே கையில். அதுவரை எனக்குக் கோயிலில்கூட அப்படி மெய் சிலிர்த்ததில்லை.

ஒரு முனை அறுந்தது. அடுத்த முனைக்குப் போனார். அதுவும் அறுந்து குழாய் ணங்கென்று தரையில் விழுந்தபோது, மாடு முன்னால் சரிந்து மூட்டைமேல் தலையைச் சாய்த்தது. கழுத்து நரம்பைத் தேடி ஊசியைக் குத்தினேன். சார் மாட்டின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்க, கால்சியம் மெல்ல மெல்ல இறங்கியது. பால் காய்ச்சலின் அதிசயம் அதுதான். போய்விட்டது என்று நினைத்த மாடு முதலில் உடம்பு நடுங்கியது, பிறகு ஏப்பம் விட்டது, அப்புறம் ஒரு கூடைச் சாணி போட்டது, கடைசியில் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து நின்றது. பாய் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். எங்கள் சாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விழுந்து கிடந்த குழாயின் முனையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கைநழுவிப் போன நாளைய பரீட்சையை நினைத்து நொந்துபோயிருக்கிறார் என்று நினைத்து, தோளில் கைவைத்து ஆறுதல் சொல்லப் போனேன். "இரு, இரு" என்று என் கையைத் தள்ளிவிட்டார்.

மறுநாள் எக்ஸாமினர் வந்தார். நேரமில்லாத மனுஷர். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தார். மாஸ்டர் நடந்ததை விளக்க, எங்கள் சார் சாட்சி சொல்ல, நான் வேறு நடுவில் புகுந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். "எல்லாம் சரிங்க. முழுசா இல்லாத ஜாபுக்கு நான் எப்படி மார்க் போடறது?" என்றார். நியாயம்தான். போவதற்குத் திரும்பியவர், என்ன நினைத்தாரோ, கம்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அறுபட்ட மூட்டைப் பார்த்துக் குனிந்தார். போனை எடுத்து விளக்கைப் போட்டார். பற்றவைப்பு நல்லதா கெட்டதா என்பது மேலே தெரியாதாம். உள்ளே இரண்டு இரும்பும் ஒன்றாகக் கலந்திருக்கிறதா என்று அறுத்துத்தான் பார்க்க வேண்டுமாம். இங்கே அறுத்தே கிடந்தது. அவர் விரலால் தடவிப் பார்த்தார். எது குழாய், எது பற்றவைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "ம்ம்... நல்லா இறங்கியிருக்கு. ரொம்ப நல்லா இறங்கியிருக்கு" என்றபடி பேனாவை எடுத்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அப்போது அக்கா வாயைத் திறந்தார். "சார், அந்தப் பக்கம் ஒரு ஓட்டை கீது."

நான் அவர் முதுகில் கிள்ளினேன். மாஸ்டர் இருமினார். அக்கா யாரையும் சட்டை செய்யவில்லை. எக்ஸாமினரை மறுபக்கக் கம்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஊசி முனை நுழையும் அளவுக்கு இருந்த கறுப்புப் புள்ளியை விரல்வைத்துக் காட்டினார். முந்தின நாள் தரையில் உட்கார்ந்து குழாயின் முனையில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது இதே ஓட்டையின் மறுபாதியைத்தான். "ரெண்டு பக்கமும் ஒரே மாரிதான் சார் போட்டேன். கரண்டு மாத்தல, கை மாத்தல. இங்க மட்டும் ஏன் இப்டி வந்துச்சுனு ராத்திரிலாம் ரோசன பண்ணிகினே இருந்தேன், புரியல. நீங்க சொல்லுங்க சார்."

அந்த மனுஷர் குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, சாணி உலராத அந்தத் தரையில், சாக்கட்டி கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தே விட்டார். எந்த நாள் போட்டாய், மழையா, பற்றவைக்கும் ராடு புதுப் பாக்கெட்டா, ஏற்கெனவே பிரித்ததா என்று கேட்டுக் கேட்டு, தரையில் படம் போட்டு விளக்க ஆரம்பித்தார். அக்கா எதிரில் உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்டார். மற்ற பையன்கள் தங்கள் ஜாபைக் கையில் வைத்துக்கொண்டு காத்துக் கிடந்தார்கள். கடிகாரத்தை அவர் பிறகு பார்க்கவே இல்லை.

அக்கா பாஸ் என்பது அப்புறம் அறிவிப்புப் பலகையில் வந்தது. இன்றைக்கு அவர் எண்ணூர்ப் பட்டறையில் வெல்டர். நான் மாதவரத்தில் ஒரு கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். அங்கே எல்லாம் நவீனம், குழாயெல்லாம் ஒரு இழுப்பில் கழன்று வரும். ஆனால் ஊசி தவறிப் போனாலோ, கணக்குப் போட்ட மருந்து வேலை செய்யாமல் போனாலோ, யாரும் பார்ப்பதற்குள் மூடி மறைக்கத்தான் என் கை இன்னமும் போகிறது. அப்போதெல்லாம் அந்த மத்தியானம்தான் நினைவுக்கு வரும். எக்ஸாமினரோடு பேசி முடித்துவிட்டு அக்கா முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார். நான் வாசலிலேயே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"ராடு ஈரமாம் டாக்டரம்மா! கடல் காத்து. பிரிச்ச பாக்கெட்ட நான் தொறந்தே வச்சிருந்தேன்ல, அது தண்ணிய குடிச்சிருக்கு. அதான் ஓட்டை!"

"அது கிடக்கட்டும் அக்கா. மார்க்கு போட்டாரா? பாஸா, இல்லையா?"

அக்கா அப்படியே நின்றார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஐய... அத கேக்க மறந்துட்டேன்."