சிவப்புப் புள்ளி

நாற்பத்திரண்டு வயதில் எனக்குத் துப்பாக்கி ஆசை வந்தது. நிஜத் துப்பாக்கி இல்லை, பிளாஸ்டிக் குண்டு போடும் ஏர்சாஃப்ட். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் எனக்கு நல்ல சாக்கும் கிடைத்தது. கூண்டிலிருந்து உருண்டு வரும் முட்டைகளைக் காக்கைகள் கொத்தி உடைத்துக்கொண்டிருந்தன. வலை கட்டினால் போதும். ஆனால் வலையில் என்ன சுகம் இருக்கிறது?

துப்பாக்கி வந்த பிறகுதான் பைத்தியம் முற்றியது. மதியம் சாப்பிட்டுக் கை காய்வதற்குள் கைப்பேசியில் அதற்கான உதிரிகளைத் தேட உட்கார்ந்துவிடுவேன். தோளில் மாட்ட வார் வாங்கினேன். ஸ்கோப் வாங்கினேன், முப்பதடி தூரத்துக் காக்கையைக் கிட்டத்தில் பார்த்து என்ன செய்யப்போகிறேன் என்று யோசிக்கவில்லை. ஸ்பிரிங்கைக் கெட்டியானதாக மாற்றலாமா என்று ஒரு வாரம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். பார்சல் வரும்போதெல்லாம் மனைவி கேட்பாள்: “ஏனுங்க, இது காக்காயத் தொரத்தறதுக்கா, காக்காய்க்குக் காட்டறதுக்கா?”

கடைசியாக வாங்கியது லேசர். குழலுக்குக் கீழே மாட்டிப் பொத்தானை அமுக்கினால், குறி வைத்த இடத்தில் சிவப்புப் புள்ளி விழும்.

அந்த மாதம்தான் புதுக் கோழிகளைக் கூண்டில் ஏற்றியிருந்தோம். ஏற்றுவதற்கு முன் மூக்கு நுனியை, அதாவது அலகின் நுனியை, வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும். வெட்டியவர் ஜேடர்பாளையம் பக்கத்து அக்கா ஒருவர். சூடேறிய பிளேடில் ஒரே தொடல், அவ்வளவுதான். எங்கள் வட்டாரத்தில் மூக்கு வெட்ட வேண்டுமென்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர்தான் அவருக்குச் சோறு போட்டது.

ஒரு சாயங்காலம் ஷெட்டுக்குள் காக்கையைக் குறி பார்த்தேன். காக்கை பறந்துவிட்டது. புள்ளி ஒரு கோழியின் முதுகில் விழுந்தது. கூட இருந்த இரண்டும் அதைக் கொத்தின. நான் சிரித்தேன். புள்ளியை அடுத்த கூண்டுக்கு நகர்த்தினேன், அங்கேயும் கொத்தின. இப்படியே வரிசை முழுவதும் விளையாடினேன். மறுநாளும் விளையாடினேன். சிவப்பைக் கண்டால் கோழி விடாது என்பது எந்தப் பண்ணைக்காரனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் காலை முதுகு கிழிந்து ரத்தமாகக் கிடந்தன சில. வெட்டிய மூக்கானாலும் ஓயாமல் கொத்தினால் தோல் எத்தனை நேரம் தாங்கும்? மனைவி பதறிப்போய் என்ன ஆயிற்று என்றாள். “மூக்கு வெட்டு சரியில்ல” என்றேன். வாய் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது. அவள் அப்போதே அந்த அக்காவுக்குப் போன் போட்டாள். நான் ஷெட்டுக்குப் போய் லேசரைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அக்கா மறுநாள் முதல் பஸ்ஸுக்கே மிஷினோடு வந்துவிட்டார். ஒரு கோழியைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். “சரியாத்தானுங்களே இருக்குது சாமி...” என்று இழுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எங்கண்ணுதான் மங்கிப்போச்சுங்களாட்ட இருக்குது” என்று சொல்லி மிஷினைப் போட்டார். அந்த வரிசை முழுவதற்கும் இரண்டாம் முறை மூக்கு வெட்டினார். நான்தான் கோழிகளைப் பிடித்துக் கொடுத்தேன். சூடு பட்டு ஒவ்வொன்றும் என் கைக்குள் துடித்தது. வெட்கத்தில் தலை நிமிரவில்லை எனக்கு, ஆனாலும் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு கொத்தல் நின்றுவிட்டது. நிற்காமல் என்ன செய்யும்? பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து பார்த்து, “மொத வெட்டுதான் தப்பாட்ட இருக்குதுங்க” என்றார். “ஆமாங்க” என்றேன். அந்த வருடம் அவர் வேறு ஆளை வைத்து வெட்டினார்.

அடுத்த செட் கோழிக்கு நாங்கள் அக்காவையே கூப்பிட்டோம். பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அது மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. அடிக்கடி புறங்கையால் ஏற்றிவிட்டுக்கொண்டார். முன்னே ஒரு தொடலில் முடிப்பவர், இப்போது ஒவ்வொன்றையும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

முதல் கோழியை வெட்டி என்னிடம் நீட்டினார்.

“கண்ணாடி போட்டுட்டனுங்க சாமி. இப்ப சரியா இருக்குதுங்களா, பாத்துச் சொல்லுங்க.”

வாங்கிப் பார்த்தேன். போன தடவை முதலில் வெட்டியது போலவேதான் இருந்தது. “சரியா இருக்குதுங்கக்கா” என்று திருப்பிக் கொடுத்தேன்.