முதல் ஜீப்பு யாருக்கு

உங்கள் அத்தை மதுரையில் உளவியல் படித்துவிட்டு போடிக்கு வந்தபோது, தெருவே அவளைப் பைத்திய டாக்டர் என்றுதான் நினைத்தது. "எம் மருமகளுக்கு ஒரு ஊசியப் போட்டு வுடு ஆத்தா, வாயை மூட மாட்டேங்கிறா" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி பண்ணுவாள்.

"அந்தப் படிப்புக்கு வேற சோலியும் இருக்கு பெரியம்மா. என்கூடப் படிச்சவ ஒருத்தி பள்ளிக்கூடத்துல இருக்கா, ஒருத்தி விளம்பரக் கம்பெனியில இருக்கா" என்பாள். யார் நம்பினார்கள்?

அப்போது நான் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டினேன். வேலையாட்களைக் கவனிக்கப் படித்த பிள்ளை வேண்டுமென்று முதலாளி சொன்னதும் தங்கையைச் சேர்த்துவிட்டேன். ஒரு பருவம் பார்ப்பார்கள், சரிவராவிட்டால் நிறுத்திவிடுவார்கள். நின்றுவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். அவளுக்கோ வேலை பார்க்கத்தான் ஆசை.

தோட்டத்தில் ஒரு தொல்லை இருந்தது. சாயங்காலம் பறிக்கிற காயில் பிஞ்சு கலந்து வரும். பிஞ்சு உலர்ந்தால் சுருங்கிப்போகும், விலை போகாது. கங்காணி கத்தினார், கூலியில் பிடித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அவள் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. பெண்களோடு மலையேறினாள், அவர்களோடே இறங்கினாள். ஒருநாள் கடைசி ஜீப்பில் பின்னால் திரும்பி, "சாயங்காலமானா ஏன்க்கா அப்படிப் பறக்குறீக?" என்று கேட்டாள்.

"மொதல்ல எடை போட்டவளுக்குத்தான மொத ஜீப்பு! ஒனக்கென்ன தாயி, ஒங்காத்தா சோறாக்கி வச்சிருக்கும். எங்களுக்கு அடுப்பு காத்துக் கெடக்கு."

ஒரே ஜீப்புதான். முதல் நடை வெளிச்சத்தோடு ஊர் சேரும். கடைசி நடையில் போகிறவர்களின் பிள்ளைகள் பசியோடு தூங்கியிருப்பார்கள். தினமும் ஓட்டிய எனக்கு அந்த அவசரத்தையும் பிஞ்சையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றியதில்லை.

மறுநாள் முதலாளியிடம் சொன்னாள்: "மொத ஜீப்பு யாருக்குன்னு காலையிலயே சொல்லிருவோம். முறை வச்சு மாறட்டும். கூலியில பிடிக்காதீங்க."

"ஜீப்ப மாத்துனா காய் முத்திருமாக்கும்!" என்று கங்காணி சிரித்தார். முதலாளி அரைமனதாகச் சம்மதித்தார்.

முதலில் பலனில்லை. முறை வந்தவர்களும் பழக்கத்தில் ஓடினார்கள். இவள் செடிகளுக்கிடையே நடந்து, "மெதுவாப் பறிங்கக்கா. ஜீப்பு எங்க அண்ணன் கையில இருக்கு, நீங்க ஏறாம நகராது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கைகள் நிதானப்பட்டன.

உலர்ந்த காயை முதலாளி அள்ளி உருட்டிப் பார்த்தார். சுருங்கியது ஒன்றிரண்டுதான் இருந்தது. "ஒந்தங்கச்சிய அடுத்த பருவத்துக்கும் வரச் சொல்லுப்பா" என்று என்னிடம் சொன்னார். அவள் பக்கத்தில்தான் நின்றாள்.

"வர்றேன். சம்பளத்தையாவது என்கிட்டச் சொல்லுங்க" என்றாள்.

தை பிறந்தது. அப்பா கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. விடியுமுன் அவளுக்கு முன்னால் எழுந்து ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.