மூன்றாவது நியூட்ரினோ கனமா, லேசா?

போன செவ்வாய்க்கிழமை மாலை, காலடிப்பேட்டையில் என் பக்கத்து வீட்டு நிர்மலா வந்து கதவைத் தட்டினாள். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஆறு வருடமாகப் பிஎச்.டி. செய்பவள். வெள்ளிக்கிழமை வைவா, அதாவது தேர்வாளர்கள் முன் வாய்மொழித் தேர்வு. முகம் செத்துப்போயிருந்தது.

“அக்கா, தப்பு பண்ணிட்டேன்.”

எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். நியூட்ரினோ என்கிற துகள் மூன்று எடைகளில் உண்டு. இரண்டு கிட்டத்தட்ட ஒரே எடை. மூன்றாவது - அவற்றைவிடக் கனமா, லேசா? உலகத்தில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது!

டேட்டா ‘கனம்’ பக்கம் பலமாகச் சாய்கிறது என்று நிர்மலா ஆய்வேட்டில் எழுதியிருந்தாள். எவ்வளவு நம்பலாம் என்பதற்குப் புத்தகத்திலிருக்கும் வழக்கமான சூத்திரத்தைப் போட்டிருந்தாள். இரண்டே பதில் உள்ள இந்தக் கேள்விக்கு அது பொருந்தாதாம். சந்தேகம் வந்து, ‘கனம்’ என்று வைத்து ஆயிரக்கணக்கில், ‘லேசு’ என்று வைத்து ஆயிரக்கணக்கில், கம்ப்யூட்டரில் பொய்ப் பரிசோதனைகள் ஓட்டியிருக்கிறாள். நிஜ டேட்டா மாதிரியே ‘லேசு’ கூட்டத்திலும் நிறைய வந்துவிட்டது. அடித்துச் சொன்னதெல்லாம் ‘இருக்கலாம்’ ஆகிவிட்டது.

வாயை மூடிக்கொண்டு போய்விடேன்... என்று சொன்னது சாட்சாத் நான்தான். இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவளைத் தேடிக்கொண்டு கணவர் சேகர் வந்தார். எண்ணூரில் நிலக்கரிக் கப்பல்களின் எடை பார்ப்பவர். படகில் போய், கப்பல் எவ்வளவு முழுகியிருக்கிறது என்று பக்கவாட்டு எண்களைப் படித்துக் கணக்குப் போடும் வேலை.

“இன்னாமே, இதுக்கா அழுவுற? அலையில கப்பல் ஆடிக்கினே கீது. நான் ஒண்ணு எழுதுவேன், கப்பல்காரன் ஒண்ணு எழுதுவான். ஒத்துப்போவலன்னா பேப்பரைக் கிழிச்சிட்டு மறுபடி படகுல எறங்குவோம். இதுல இன்னா அசிங்கம்?”

“நீ கிழிக்கிறது ஒரு பேப்பரு. நான் கிழிக்கிறது ஆறு வருஷம்யா!”

சேகர் அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆனால் வெள்ளிக்கிழமை, முதல் ஸ்லைடிலேயே தப்பைப் போட்டு உடைத்துவிட்டாள். லீவு போட்ட சேகர் என் வீட்டு ஹாலில் நடந்துகொண்டே இருந்தார். நாமெல்லாம் ஒரு வரி படிக்காமலே எதைப் பற்றியும் அடித்துச் சொல்கிறோம்... ‘உறுதியில்லை’ என்று சொல்ல இவளுக்கு எவ்வளவு படிப்பு, எவ்வளவு தைரியம் வேண்டியிருக்கிறது!

மதியம் நிர்மலாவிடமிருந்து போன். தேர்வாளர்கள் இரண்டு மணி நேரம் வறுத்தெடுத்தார்களாம். பொய்ப் பரிசோதனைகளைத்தான் துருவித் துருவிக் கேட்டார்களாம். அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதித் தரவேண்டுமாம்.

“அதெல்லாம் கெடக்கட்டும். முடிவா இன்னா ஆச்சுமே?”

“டாக்டர் ஆயிட்டேன்யா! எது கனம்னுதான் இன்னும் தெரியல.”